அட்டையா, ஐபாட்டா, கருவியா? கண்ணால் கதைக்கிறவருக்கு எதை வாங்குவது

"காசைப் பற்றி யோசிக்காதை. அப்பாவுக்கு அந்தக் கண்ணால எழுதுற மெசினை வாங்குவம். எது திறம் எண்டு பாத்துச் சொல்லு மச்சான்."

ரொறன்ரோவிலிருந்து இந்த அழைப்பு வந்தபோது மாமாவின் பேச்சு நின்று மூன்று கிழமை. கோண்டாவிலில் இருக்கிறார். முப்பது வருசம் இ.போ.ச. பஸ் ஓட்டியவர். இயக்க நரம்பணு நோய். வைத்தியசாலைத் துண்டில் எம்.என்.டி. என்று எழுதியிருக்கும். முதலில் வலக்கை போனது, பிறகு கால்கள், பிறகு நாக்கு. கண்ணை அசைக்கும் தசைகளை மட்டும் இந்த நோய் பெரும்பாலும் கடைசிக் காலம் வரை விட்டுவைக்கும். அந்தக் கண்ணை நம்பித்தான் கருவிகள் எல்லாம் செய்யப்படுகின்றன.

மச்சானுக்கு உடனே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு மாதம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், சிலதை வாங்கி ஏமாந்தோம். வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக் காசை எதில் போடுவது என்று யோசிக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கண் என்ன செய்யும்?

விலையை விசாரிக்க முதல் நோயாளியின் எதிரே ஒரு கதிரையைப் போட்டு இருங்கள். விரலை மேலே, கீழே, இடம், வலம் என்று கொண்டுபோய், கண் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தைப் பார்க்கச் சொன்னால் ஒரு செக்கன் அசையாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். தெரிவில் பாதி இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

எம்.என்.டி. என்றால் கண் பொதுவாக நாலு பக்கமும் போகும். எந்த வழியும் திறந்திருக்கிறது. மூளைத்தண்டில் வரும் பக்கவாதம் வேறு மாதிரி. மூளைத்தண்டின் நடுப்பகுதியில் முன்பக்கம் அடிபட்டால் ஆள் முழு நினைவோடு இருப்பார், எல்லாம் கேட்கும், எல்லாம் விளங்கும், உடம்பில் ஒன்றும் அசையாது. பிளம், போஸ்னர் என்ற இரண்டு நரம்பியல் வைத்தியர்கள் 1966 இல் இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழில் "உள்ளே பூட்டப்பட்ட நிலை" எனலாம். இவர்களுக்குக் கண் இடம் வலமாகப் போகாது. மேலும் கீழும் போகும், இமை மூடித் திறக்கும். ஆகவே இடம் வலம் பார்க்கச் சொல்லும் எந்தச் செயலியும் இவர்களுக்கு உதவாது. திரை முழுவதையும் கண்ணால் மேயச் சொல்லும் விலை கூடிய கருவியும் திண்டாடும். இதைத் தெரியாமல் இலட்சக்கணக்கில் செலவழித்தால் கருவி பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

கியான் பாரே என்ற, நரம்புகளைத் தாக்கி உடம்பைச் சோரவைக்கும் நோய் வந்தவர்களும் சில கிழமைகள் வாய் திறக்க முடியாமல், மூச்சுக் குழாயோடு படுத்திருப்பார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மீண்டு வருகிறார்கள். அந்த இடைவெளிக்கு, எழுத்துகளைக் கண்ணால் காட்டும் ஒரு அட்டை போதும், கருவி வாங்க வேண்டாம். தென்னையிலோ பனையிலோ இருந்து விழுந்து கழுத்து முள்ளந்தண்டு அடிபட்டவருக்கு முகமும் உதடும் தலையும் வேலை செய்யும். அவருக்குக் கண்வழி முதல் வழியாகவே இருக்கத் தேவையில்லை. குரலாலோ வாயில் பிடித்த குச்சியாலோ போனை இயக்கலாம்.

வயதானவர் என்றால் கண்புரையையும் பார்க்கவேண்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையில் பார்க்கும் கண்ணாடி கமராவைக் குழப்பும். சரிந்த இமை இன்னும் மோசம். ஸ்டீபன் ஹோக்கிங் உலகில் எந்தக் கருவியையும் பெறக்கூடிய நிலையில் இருந்தவர். அவருக்கே இமை சரிந்திருந்ததால் கண்வழிக் கருவி ஒத்துவரவில்லை. கன்னத் தசையின் சின்ன அசைவை மூக்குக் கண்ணாடியில் பொருத்திய ஓர் உணரி பிடிக்க, அதை வைத்துத்தான் எழுதினார். அவருக்காக இன்ரெல் நிறுவனம் செய்த மென்பொருளை 2015 இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கண் சரிவராத வீட்டில் அந்தப் பக்கமும் பார்க்கலாம்.

அட்டை: நூறு ரூபாக் கணக்கு

மாமாவுக்கு முதலில் செய்தது அட்டைதான். மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. "உதென்ன பாலர் வகுப்புச் சாமான்" என்றான். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் இப்படியான அட்டைகள் நிறைய இருக்கின்றன. 26 எழுத்துக்குச் செய்த அட்டையில் தமிழை ஏற்றப் பார்த்தால் 247 எழுத்து வந்து மலைக்கவைக்கும். ஆனால் நாலாம் வகுப்பில் படித்த இலக்கணம் கைகொடுத்தது. மெய் 18. அது வல்லினம் 6, மெல்லினம் 6, இடையினம் 6 என்று ஏற்கெனவே பிரிந்துதான் கிடக்கிறது. குறில் 5. நெடில் 7. கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு பிளாஸ்ரிக் தாளை ஆறு கட்டமாகப் பிரித்தோம்: மேல் வரிசையில் வல்லினம், மெல்லினம், இடையினம்; கீழ் வரிசையில் குறில், நெடில், கடைசியாக அவசரச் சொற்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதே ஆறு இடம். நெடிலில் ஏழாவதாக நின்ற ஔவை எடுத்துவிட்டோம். ஔவைப் பாட்டி கோவிக்கமாட்டா. குறிலில் மிச்சமான ஆறாவது இடத்தில் "பிழை, திரும்ப" என்று எழுதினோம்.

தாளின் நடுவில் ஒரு ஓட்டை. அதனூடாக நான் மாமாவின் முகத்தைப் பார்ப்பேன். முதல் பார்வை கட்டத்தைச் சொல்லும், நடுவுக்குத் திரும்பி வந்து இரண்டாவது பார்வை எழுத்தைச் சொல்லும். புள்ளி வேண்டாம், ஆய்தம் வேண்டாம். "தண்ணி" என்பதற்குத் த, ண என்று வந்தவுடனேயே வீட்டில் எவருக்கும் விளங்கிவிடும். முப்பது வருசம் பக்கக் கண்ணாடி பார்த்த கண் என்பதாலோ என்னவோ, மாமா இரண்டு நாளில் பிடித்துவிட்டார். நாங்கள் பிடிக்கத்தான் ஒரு கிழமை எடுத்தது.

அவசரச் சொற்கள் ஆறையும் மாமாவே தெரிந்தார்: சளி, மூச்சு, சரித்து விடு, உளையுது, கடிக்குது, போதும். நுளம்பு கடித்த இடத்தைச் சொறிய முடியாமல் கிடப்பது என்ன வேதனை என்று அந்தப் பட்டியலைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

நாலாம் நாள் க, ட என்று பார்த்தார். மாமி "கடிக்குதோ?" என்றா. கண்ணை மூடினார், இல்லை. அடுத்தது ன. "கடனோ?" கண் மேலே போனது. திருநெல்வேலிச் சந்தியடி கராஜ்காரருக்கு இரண்டாயிரம் ரூபா கொடுக்க இருந்திருக்கிறது. பேச்சு நின்றதிலிருந்து அதை மனதில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். எந்தச் செயலியின் ஆயத்தச் சொல்லிலும் இது இருக்காது. அன்றிலிருந்து நான் எந்தக் கருவியையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: இதில் மாமா "கடன்" என்று எழுதுவாரா?

கண் மேலும் கீழும் மட்டும் போகிறவருக்கு இதே அட்டையைக் காதுக்கு மாற்றலாம். நீங்கள் "வல்லினம்... மெல்லினம்..." என்று மெதுவாகச் சொல்லுங்கள், அவர் மேலே பார்த்ததும் நிறுத்தி அந்த இனத்தின் எழுத்துகளைச் சொல்லுங்கள். அடிக்கடி வரும் எழுத்தை முன்னுக்கு வையுங்கள். ங, ஞ இரண்டையும் தயங்காமல் கடைசிக்குத் தள்ளலாம்.

அட்டையின் குறை பெரியது, மறைக்க ஒன்றுமில்லை. எதிரே ஆள் வேண்டும். இரவு ஒரு மணிக்குக் கூப்பிட முடியாது. மாமியைப் பற்றி மாமியிடமே குறை சொல்லவும் முடியாது, அதற்கும் மாமிதான் அட்டை பிடிக்கவேண்டும். இன்னொரு ஆபத்து, ஊகிக்கிறவர் வசனத்தைத் தானே முடித்துவிடுவது. மாமா ஓம் என்று கண்ணை உயர்த்தும் வரை எதையும் எழுதுவதில்லை என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். மாமி அதை நாளுக்கு மூன்று தரம் மீறுவா.

போன் இலவசம், ஆனால்

ஆன்ட்ரோயிட் போன் வைத்திருப்பவர்கள் கூகிளின் லுக் டு ஸ்பீக் செயலியை இறக்கிப் பார்க்கலாம். 2020 டிசம்பரில் வந்தது. சொற்றொடர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கும். இடமோ வலமோ பார்க்கப் பார்க்கப் பாதி பாதியாகக் கழிந்து கடைசியில் ஒன்று மிஞ்சும், அதைப் போன் வாய்விட்டுச் சொல்லும். சொற்றொடரை நாமே மாற்றலாம். இரவில் "எழும்பு, சளி" என்று கூப்பிட இதுதான் எங்களுக்கு முதலில் உதவியது. எழுத்துக்கூட்ட முடியாது, ஆகவே "கடன்" இல்லை. ஆன்ட்ரோயிட் 12 இலிருந்து கண்பார்வை, புன்சிரிப்பு, புருவம் உயர்த்தல் என்பவற்றைப் பொத்தானாகப் பாவிக்கும் வசதி போனுக்குள்ளேயே இருக்கிறது. முகத்தில் கொஞ்சம் அசைவு மிஞ்சியிருப்பவருக்கு அது பரவாயில்லை.

ஐபாட் பக்கம் பெரிய மாற்றம் 2024 செப்டெம்பரில் வந்தது. ஐஓஎஸ் 18, ஐபாட்ஓஎஸ் 18 என்ற இயங்கு மென்பொருள்களில், தனிக் கருவி எதுவுமில்லாமல் முன்கமராவாலேயே கண்ணைப் பின்தொடரும் வசதியை அப்பிள் சேர்த்தது. ஐபோன் 12 உம் அதற்குப் பிந்தியவையும், ஐபாட்டில் பத்தாம் தலைமுறை போன்ற புதியவையும் அதற்கு ஏற்றவை. பழைய ஐபாட் ஒன்றை "சும்மா கிடக்குது" என்று யாராவது தந்தால் முதலில் மாதிரி இலக்கத்தைப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்ற அடுக்கு, கிட்டத்தட்ட எங்கள் அட்டையின் தம்பி.

மருமகளின் ஐபாட்டில் ஒரு மாதம் பார்த்தோம். யூரியூப், பழைய படங்கள், வட்ஸ்அப் அழைப்புக்குப் பதில் சொல்வது, இவையெல்லாம் மாமாவே செய்தார். பெரிய பொத்தானுக்கு இது திறம். விசைப்பலகை வந்தவுடன் தகராறு. தமிழ்99 இன் சின்னச் சின்னக் கட்டங்களில் கண் பக்கத்து எழுத்துக்கு வழுக்கும். தலை கொஞ்சம் சரிந்தால் அளவைத் திரும்பச் சரிப்படுத்த வேண்டும். படுத்திருப்பவருக்கு ஒன்றரை அடி தூரத்தில் ஐபாட்டை அசையாமல் பிடிக்கும் கை ஒன்று தேவை. மேசை விளக்குக் கைமாதிரி வளைகிற மலிவான தாங்கி பாரத்தில் மெதுவாகக் குனியும். ஒரு தரம் மாமாவின் நெஞ்சிலேயே குனிந்துவிட்டது. தாங்கிக்குக் காசு செலவழியுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

விளையாட்டுக் கருவி, வாங்கி அவதிப்பட்டது

கணினி விளையாட்டுக்காரருக்கென்று வரும் ரோபி ஐ ட்ராக்கர் 5 என்ற மெல்லிய பட்டை, மடிகணினித் திரைக்குக் கீழே ஒட்டுவது. விலை வெளிநாட்டில் 250 டொலருக்கு மேல் வரும். ரோபி 2001 இல் தொடங்கிய சுவீடன் நிறுவனம். பட்டை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும். அது கருவிழிக்கு மேலுள்ள, கண்ணாடி மாதிரித் தெளிந்த படலத்தில் ஒரு புள்ளியாக மின்னும். அந்த மின்னலுக்கும் கண்மணியின் நடுவுக்கும் உள்ள இடைவெளியைக் கமரா அளந்து, எங்கே பார்க்கிறார் என்று கணக்குப் பார்க்கும். ஐபாட்டின் கமராவை விட இது நிதானமானது. ஆனாலும் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு பாகை பிசகினால் திரையில் ஒரு சென்ரிமீற்றர் பிசகும். அதனால் பொத்தான் பெரிதாக இருக்கவேண்டும், பெரிதாக்கினால் 30 தமிழ் எழுத்தும் ஒரே திரையில் வசதியாக இருக்காது. திரும்பவும் வல்லினம், மெல்லினம் என்று இரண்டு படியாகத்தான் வரவேண்டும்.

ஒப்ரிகீ என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் இதற்கு உதவும். 2015 இலிருந்து இருக்கிறது. விண்டோஸில் மட்டும் ஓடும். தனக்கு வேண்டிய விசைப்பலகையைத் தானே எழுதிச் சேர்க்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. கணினி படிக்கிற பெடியன் ஒருவன் வீட்டிலோ அயலிலோ இருந்தால் எங்கள் ஆறு கட்ட அட்டையை அப்படியே அதில் ஏற்றலாம். இல்லாத வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். விளையாட்டுக்கு விற்ற சாமானுக்கு, நோயாளிக்குச் சரிவரவில்லை என்று யாரிடம் போய் நிற்பது?

நாங்கள் அவதிப்பட்டதும் இதில்தான். கொழும்பில் ஒரு கடையில் "ரப்லெட்டிலும் ஓடும்" என்று சொல்லிப் பழைய பட்டை ஒன்றை விற்றார்கள். ஓடவில்லை. திருப்பி எடுக்கவும் இல்லை. பிறகு மடிகணினி ஒன்றைத் தேடி இணைத்தோம். காலையில் நன்றாக வேலை செய்தது பின்னேரம் மூன்று மணிக்கு மேல் பைத்தியம் பிடித்தமாதிரிக் குதித்தது. நோயாளிக்குக் களைப்பு என்று நினைத்துக்கொண்டோம். மேற்கு யன்னலால் விழுகிற வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது, அது கருவியைக் குழப்புகிறது என்று விளங்க நாலு நாள் ஆனது. ஒரு தடித்த திரைச்சீலை போட்டதும் சரி. விறாந்தையில் சாய்மனையில் வைத்துப் பாவிக்கும் எண்ணம் இருந்தால் அந்த எண்ணத்தை விடுங்கள்.

இன்னொன்று. பார்வையே அழுத்தம் என்பதால், சும்மா யோசித்துக்கொண்டு ஓரிடத்தைப் பார்த்தாலும் எழுத்து விழும். பஸ்மாசுரன் கை வைத்த கதைதான். எவ்வளவு நேரம் நிலைத்துப் பார்த்தால் அழுத்தமாகக் கொள்வது என்பதை மாற்றலாம். மாமாவுக்கு ஒரு செக்கனில் தொடங்கினோம். அரைச் செக்கனுக்கு இறக்க ஆசைப்பட்டு இரண்டு தரம் தோற்றோம். இந்த வகை எழுத்தில் பழகியவரே ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 5 முதல் 10 சொல் வரைதான் எழுதுவார். பிரவாகமாகக் கதைத்த மனிதருக்கு இது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்பதைக் காசு அனுப்புகிறவர்களும் தெரிந்திருக்கவேண்டும்.

நோயாளிக்கென்றே செய்த கருவி

மச்சான் மனதில் இருந்தது இதுதான். ரோபி டைனவொக்ஸின் ஐ-13, ஐ-16 போன்றவை. திரை, கண் கமரா, மின்கலம், உரத்த ஒலிபெருக்கி எல்லாம் ஒரே உடம்பில். எழுதுவது எதிரே இருப்பவருக்குத் தெரிய முதுகுப் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை. சக்கர நாற்காலியிலும் கட்டிலிலும் பூட்டலாம். நாலு வகையிலும் திறமானது எது என்று கேட்டால் இதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. விலை பத்து இலட்சம் ரூபாவைத் தாண்டும்.

பிறகு ஏன் வேண்டாம் என்றேன்? மச்சானையே ரொறன்ரோவில் இப்படியான ஒரு கருவியின் முன்னால் போய் இருக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் கால் மணித்தியாலத்தில் ஒரு கடிதம் எழுதிவிட்டு மகிழ்ச்சியோடு அழைத்தான். "இப்ப தமிழில 'கடன்' எண்டு எழுது" என்றேன். அந்தக் கருவியில் தமிழ் விசைப்பலகையை அவனுக்கும் காட்டியவருக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் தமிழ் எழுத்து, தமிழ்க் குரல் இரண்டையும் திரையில் காட்டிய பிறகே காசைக் கொடுங்கள். "போடலாம்" என்ற பதிலை நம்பவேண்டாம்.

திருத்துவதும் யோசிக்கவேண்டியது. கனடாவில் வாங்கினால் உத்தரவாதம் கனடாவில். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கே 400 கிலோமீற்றர். கருவி ஒரு மாதம் திருத்தத்துக்குப் போனால் அந்த மாதம் மாமா எதில் கதைப்பார்? அட்டையில்தான்.

இவ்வளவும் எங்கள் வீட்டுக் கணக்கு. நாற்பது வயதில், ஆங்கிலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு எம்.என்.டி. வந்து, கண் நன்றாக ஓடி, அவர் மின்னஞ்சலும் கணக்கும் தானே பார்க்க விரும்பினால் நான் இந்தக் கருவியைத்தான் சொல்வேன், கடன்பட்டாவது. மூளைத்தண்டுப் பக்கவாதத்துக்கு முதல் ஆறு மாதம் அட்டை தவிர எதற்கும் சதம் செலவழிக்கவேண்டாம். மூளைக்குள் சில்லு வைப்பதைப் பற்றியும் மச்சான் கேட்டான். நியூராலிங்க் முதல் மனிதருக்கு அதை வைத்தது 2024 சனவரியில். அது கோண்டாவிலுக்கு வரும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

குரல்

இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. போனிலும் கணினியிலும் வரும் தமிழ்க் குரல்கள் பெரும்பாலும் இந்தியத் தமிழ். விண்டோஸில் இருப்பவர் வள்ளுவர், அப்பிளில் வாணி. மாமா எழுதியதை வாணி வாசித்தபோது பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மாமாவின் கண்ணும் சிரித்தது. மைக்ரோசொஃப்ற் இணையவழிக் குரல்களில் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்று இரண்டு இருக்கிறார்கள். கொஞ்சம் கிட்ட வரும், ஆனால் இணையம் வேண்டும்.

பேச்சு இன்னும் முழுதாகப் போகாத வீடு என்றால் இன்றைக்கே போனை எடுத்து அவருடைய குரலைப் பதியுங்கள். பெயர்கள், ஏச்சு, செல்லம், "என்னடா உது", "சாப்பிட்டியே", எல்லாம். பிறகு செயலியில் அந்த ஒலியையே பொத்தானுக்குப் பின்னால் வைக்கலாம். மாமாவின் குரலில் எங்களிடம் மிஞ்சியது மச்சானுக்கு அனுப்பிய ஏழு வட்ஸ்அப் குரற்செய்திகள். அதில் மூன்று, காசு வந்துசேர்ந்தது என்று சொல்கிறவை.

எங்கள் முடிவு

அட்டை முதன்மை. இரவுக்கும் வட்ஸ்அப்புக்கும் ஐபாட், நல்ல தாங்கியோடு. விளையாட்டுப் பட்டையில் ஆறு கட்ட விசைப்பலகையை அயல் பெடியன் ஒருவன் ஏற்றிக்கொண்டிருக்கிறான், அவசரமில்லை. மச்சானின் காசில் கொஞ்சம் இன்வேட்டருக்குப் போனது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிற்பாட்டியதை ஒருவரும் மறக்கவில்லை. இப்போது அப்படியில்லை என்றாலும் மாரிமழைக்குப் போகத்தான் செய்கிறது. மிச்சத்தில் அயலில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு மாதச் சம்பளம். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் வந்து மாமாவோடு அட்டை பிடிக்கிறா. மாமியைப் பற்றிய முறைப்பாடுகள் இப்போது அந்த வழியால் வெளியே வருகின்றன.

மச்சான் தைப்பொங்கலுக்கு வருகிறான். வரும்போது ஒரு கருவியை இரவலாகக் கொண்டுவர முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான், தமிழ் இருக்கிறதென்று கண்ணால் பார்த்த பிறகு. வந்தால் மாமாவுக்கு முன்னால் வைத்து, ஒருவரும் உதவாமல் "கடன்" என்று எழுத எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று பார்ப்போம். மாமியோடு அட்டையில் இப்போது 20 செக்கன்.